குளோரினும் ஃபுளூரினும் ஏறிய ஹைட்ரோகார்பன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் சேர்மங்கள் எவை? ஃபிரியான் என்பதும் இவைதானா?

மீத்தேன், ஈத்தேன் போன்ற எளிய ஹைட்ரோகார்பன்களில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை நீக்கிவிட்டு அவ்விடங்களில் குளோரினையும் ஃபுளூரினையும் அமர்த்தினால் கிடைப்பவை இவை. ஹைட்ரஜன் அனைத்தும் போய்விட்டால் குளோரோஃபுளூரோகார்பன் என்கிறோம், சுருக்கமாக சி.எஃப்.சி. சில ஹைட்ரஜன்கள் எஞ்சியிருந்தால் எச்.சி.எஃப்.சி. குளோரினே இல்லாமல் ஹைட்ரஜனும் ஃபுளூரினும் மட்டும் இருந்தால் எச்.எஃப்.சி. ஃபிரியான் என்பது ஒரு வணிகப் பெயர். பாடநூல்களும் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர்களும் அதைப் பொதுப்பெயராகவே ஆக்கிவிட்டார்கள்.

இந்த மூன்று வகைகளையும் பிரித்தறிய மனப்பாடம் தேவையில்லை. மூலக்கூறில் எந்தப் பிணைப்பு முதலில் அறுபடும் என்று கேட்டாலே போதும். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

ஆர்-12, ஆர்-22, ஆர்-134ஏ என்னும் எண்களுக்குப் பொருள் உண்டா?

உண்டு. இவை குளிரூட்டும் வாயுக்களுக்கு இட்ட எண்கள். எண்ணோடு 90-ஐக் கூட்ட வேண்டும். வரும் மூன்று இலக்கங்கள் முறையே கார்பன், ஹைட்ரஜன், ஃபுளூரின் அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும். கார்பனின் எஞ்சிய கைகளில் குளோரின் இருக்கும். 12-உடன் 90 சேர்ந்தால் 102: ஒரு கார்பன், ஹைட்ரஜன் இல்லை, இரண்டு ஃபுளூரின்; மிச்சமுள்ள இரண்டு இடங்களில் குளோரின். 22 என்பது 112 ஆகும்: ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளூரின், ஒரு குளோரின். 134 என்பது 224 ஆகி, இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், நான்கு ஃபுளூரின் என்று விரியும். ஆறு இடங்களும் நிரம்பிவிட்டதால் அதில் குளோரினுக்கு இடமில்லை. இறுதியில் வரும் 'ஏ' என்ற எழுத்து, அதே அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்ட மாற்றியம் என்பதைக் குறிக்கும். ஏசி பெட்டியின் ஒட்டுச்சீட்டில் உள்ள எண்ணை வைத்து உள்ளே இருக்கும் மூலக்கூறை எழுதிவிடலாம் என்பது வேதியியல் ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தாமல் விட்டுவைத்த ஒரு நல்ல பயிற்சி. ஒரு எச்சரிக்கை: 400, 500, 600 வரிசை எண்களுக்கு இந்த விதி பொருந்தாது. 400-களும் 500-களும் கலவைகள்; ஐசோபியூட்டேனுக்கு ஆர்-600ஏ என்ற எண் தனியாகச் சூட்டப்பட்டது.

ஃபுளூரின் தனியாக இருக்கும்போது அவ்வளவு வெறியுடன் வினைபுரிகிறது. கார்பனுடன் சேர்ந்ததும் ஏன் இவ்வளவு மந்தமாகிவிடுகிறது?

இரண்டும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள். ஃபுளூரின் மூலக்கூறில் இரு ஃபுளூரின் அணுக்களுக்கும் இடையேயான பிணைப்பு வலுவற்றது. ஃபுளூரின் பிற தனிமங்களோடு அமைக்கும் பிணைப்போ மிக வலுவானது. எனவே அது எதைத் தொட்டாலும் பெருமளவு ஆற்றல் வெளிப்படுகிறது. அவ்வளவு ஆற்றலைக் கொடுத்துவிட்டு அமைந்த பிணைப்பை மீண்டும் அறுப்பதற்கு, அதே அளவு ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எண்களில் சொல்வதானால், கார்பன்–ஃபுளூரின் பிணைப்பின் சராசரி ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 485 கிலோஜூல், கார்பன்–ஹைட்ரஜனுக்கு 413, கார்பன்–குளோரினுக்கு 340-க்கு அருகில். அத்துடன், ஒரே கார்பனில் ஃபுளூரின்கள் கூடக் கூட ஒவ்வொரு கார்பன்–ஃபுளூரின் பிணைப்பும் மேலும் சுருங்கி வலுப்பெறுகிறது. மெத்தில் ஃபுளூரைடில் சுமார் 1.39 ஆங்ஸ்ட்ராம் இருக்கும் பிணைப்பு நீளம், கார்பன் டெட்ராஃபுளூரைடில் 1.32 ஆகக் குறைகிறது.

கொதிநிலையும் இதையொட்டியே செல்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு கொதிப்பது ஏறத்தாழ 77 டிகிரி செல்சியஸில். ஒரு குளோரினை ஃபுளூரினாக மாற்றினால் 24. இரண்டை மாற்றினால் கழித்தல் 30. மூன்றை மாற்றினால் கழித்தல் 81. நான்கையும் மாற்றினால் கழித்தல் 128. தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஃபுளூரின் பக்கத்து மூலக்கூறை ஈர்ப்பதில் கஞ்சத்தனம் காட்டுவதே இந்தச் சரிவுக்குக் காரணம். குளிரூட்டும் பொறியாளருக்கு இதைவிட வசதியான படிக்கட்டு அமைவது கடினம்.

இவற்றை எப்படித் தயாரிக்கிறார்கள்?

ஹைட்ரோகார்பனின் மீது ஃபுளூரின் வாயுவை நேரடியாகச் செலுத்தினால் வெடிப்பும் கரியுமே மிஞ்சும். ஆகவே முதலில் குளோரினை ஏற்றிவிட்டு, பிறகு அதை ஃபுளூரினாக மாற்றிக்கொள்வதே வழி. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பணியாற்றிய ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ் 1890-களில் இதைக் கண்டறிந்தார். ஆன்டிமனி டிரைஃபுளூரைடுடன் ஐந்து இணைதிறன் கொண்ட ஆன்டிமனி உப்பு சிறிதளவு சேர்த்துக் குளோரின் சேர்மத்தைச் சூடாக்கினால், குளோரின் ஆன்டிமனிக்கும் ஃபுளூரின் கார்பனுக்கும் இடம் மாறிக்கொள்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் சுவார்ட்ஸ் வினை இதுவே.

தொழிற்சாலையில் நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஃபுளூரினைத் தொடர்ந்து வழங்குகிறது. ஆன்டிமனி பென்டாகுளோரைடு வினையூக்கியாக நிற்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடில் தொடங்கினால் ஆர்-11, ஆர்-12 ஆகியவையும், குளோரோஃபார்மில் தொடங்கினால் ஆர்-22-உம் கிடைக்கும். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். வெப்பநிலை, அழுத்தம், தங்கும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு எத்தனை குளோரின் மாற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறார்கள். கட்டுப்பாடு முழுமையாக அமைவதில்லை. ஆர்-22 தயாரிப்பில் சிறு பகுதி ஒரு படி மேலே சென்று மூன்று குளோரின்களையும் இழந்து ஃபுளூரோஃபார்மாக, அதாவது ஆர்-23 ஆக, மாறிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போலப் பன்னிரண்டாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் வாயு அது.

இவற்றைக் குளிரூட்டியாக்கியவர் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. 1928-இல் ஆல்பர்ட் ஹென்னேயுடன் இப்பணியைத் தொடங்கினார். அக்காலக் குளிர்பெட்டிகளில் இருந்தவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள். முதல் ஆர்-12 தயாரிப்புக்காக அவர்கள் ஐந்து சீசா ஆன்டிமனி டிரைஃபுளூரைடு வாங்கினார்கள். அவற்றில் ஒன்றை எடுத்து வாயுவைத் தயாரித்து ஒரு கினிப்பன்றிக்குச் சுவாசிக்கக் கொடுத்தபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சீசாவிலிருந்து தயாரித்த வாயு விலங்கைக் கொன்றது. ஆராய்ந்தபோது, எஞ்சிய நான்கு சீசாக்களிலும் இருந்த உப்பு படிக நீரைச் சுமந்திருந்ததும், அதனால் பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயு உருவாகியிருந்ததும் தெரியவந்தன. காரக் கரைசலில் கழுவினால் அது நீங்கிவிடும். முதல் தடவை கை வேறொரு சீசாவின் மீது பட்டிருந்தால் அந்த ஆய்வே கைவிடப்பட்டிருக்கக்கூடும் என்று மிட்ஜ்லியே பின்னர் எழுதினார். 1930-இல் வேதியியலாளர்கள் முன்னிலையில் அவர் அந்த வாயுவை உள்ளிழுத்து, மெழுகுவத்தி மீது ஊதி அணைத்துக் காட்டினார்: நச்சுமில்லை, தீயும் பற்றாது. பெட்ரோலில் ஈயம் சேர்த்தவரும் இதே மிட்ஜ்லிதான்.

நீரோடும் காரத்தோடும் இவை வினைபுரியுமா?

ஆர்-12 போன்ற முழு சி.எஃப்.சி.க்கள் சாதாரண வெப்பநிலையில் நீரோடு வினைபுரிவதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அழுத்தியின் (கம்ப்ரசர்) சூட்டில், எண்ணெயும் உலோகமும் உடனிருக்க, ஈரமும் சேர்ந்துகொண்டால் மெல்ல நீராற்பகுப்பு நடந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் உண்டாகும். குளிரூட்டும் அமைப்பில் வாயு நிரப்புவதற்கு முன் வெற்றிடமாக்குவதும், குழாய் வழியில் ஈரம் உறிஞ்சும் டிரையர் வைப்பதும் இதற்காகவே. 'வேக்கம் போடாமல் கேஸ் ஏற்றிவிட்டார்கள்' என்ற புகாருக்குப் பின்னால், உள்ளே தங்கும் காற்றோடு இந்த அமிலத்தின் கதையும் இருக்கிறது.

ஹைட்ரஜன் உள்ளவற்றின் நடத்தை வேறு. ஆர்-22-ஐ வலுவான காரத்தோடு சேர்த்தால், காரம் ஹைட்ரஜனைப் பற்றி இழுக்க, அதே கார்பனிலிருந்து குளோரின் அயனியாகக் கழன்றுகொள்ள, டைஃபுளூரோகார்பீன் (இரண்டு ஃபுளூரின்கள் மட்டுமே பிணைந்த கார்பன்) என்னும் குறுவாழ்வு இடைநிலைப் பொருள் பிறக்கிறது. வெளியேறுவது குளோரினே அன்றி ஃபுளூரின் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சிய ஃபுளூரின்கள் தம் தனித்த எலக்ட்ரான் இரட்டைகளைக் கார்பனின் வெற்று ஆர்பிட்டாலுக்குக் கடன் கொடுத்து அந்தக் கார்பீனைத் தாங்கிப் பிடிக்கின்றன. குளோரோஃபார்மிலிருந்து டைகுளோரோகார்பீன் வரும் ரீமர்–டீமன் வினைக்கு இது நெருங்கிய உறவு. அருகில் ஃபீனால் இருந்தால் அதன் ஆக்சிஜன் இந்தக் கார்பீனைப் பிடித்துக்கொண்டு டைஃபுளூரோமீத்தாக்சி தொகுதியாகிவிடும். வயிற்றெரிச்சலுக்குப் பலரும் விழுங்கும் பான்டோபிரசோல் மாத்திரையின் மூலக்கூறில் அந்தத் தொகுதி இருக்கிறது.

கருக்கவர் பதிலீட்டு வினையில் ஃபுளூரின் எப்போதும் மோசமான வெளியேறும் தொகுதிதானா?

எலக்ட்ரான் மிகுந்த ஒரு பொருள் (கருக்கவர் பொருள்) கார்பனில் வந்து சேர, அங்கிருந்த ஹாலஜன் வெளியேறும் தொகுதியாக விலகுவதே இந்த வினை. ஆல்கைல் ஹாலைடுகளில் அப்படித்தான். அயோடின், புரோமின், குளோரின், ஃபுளூரின் என்ற வரிசையில் வேகம் குறைந்துகொண்டே வந்து, ஃபுளூரினில் ஏறக்குறைய நின்றுவிடும். பென்சீன் வளையத்தில் நைட்ரோ தொகுதிகள் இருக்கும்போது மட்டும் இந்த வரிசை தலைகீழாகிறது. அங்கே முதலில் கருக்கவர் பொருள் கார்பனில் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகே ஹாலஜன் வெளியேறும். மெதுவான படி முதலாவது. ஃபுளூரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக் கார்பனை அதிகம் நேர்மின் தன்மை உடையதாக்குவதால் அந்தப் படி விரைவாகிறது. அதனால் குளோரின் சேர்மத்தைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில்கூட வினை நடக்கும். ஃபிரெடெரிக் சாங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையைக் கண்டறியக் கையாண்டது இத்தகைய டைநைட்ரோஃபுளூரோபென்சீனைத்தான். அப்பணிக்காக அவருக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது.

டெஃப்லானுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ஆர்-22-ஐ 600 முதல் 800 டிகிரி வரை சூடாக்கினால், மேலே சொன்ன டைஃபுளூரோகார்பீன் இம்முறை காரமில்லாமலேயே, ஹைட்ரஜன் குளோரைடை உதறிவிட்டுப் பிறக்கும். இரண்டு கார்பீன்கள் இணைந்தால் டெட்ராஃபுளூரோஎத்திலீன். அதைப் பலபடியாக்கினால் ஒட்டாத சட்டியின் பூச்சு. 1938 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராய் பிளங்கெட் புதிய குளிரூட்டி தேடிக்கொண்டிருந்தபோது, வாயு நிரம்பியிருக்க வேண்டிய உருளையிலிருந்து வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழுக்கும் வெள்ளைத் தூள் இருந்தது.

ஆர்-113-ஐத் துத்தநாகத் தூளோடு ஆல்கஹாலில் வினைபுரியச் செய்வதும் இதே வகையைச் சேர்ந்தது. துத்தநாகம் அடுத்தடுத்த கார்பன்களிலிருந்து ஒவ்வொரு குளோரினை எடுத்துக்கொண்டு துத்தநாகக் குளோரைடாகிறது, குளோரோடிரைஃபுளூரோஎத்திலீன் மிஞ்சுகிறது. மூன்று ஃபுளூரின்களும் தொடப்படாமல் அப்படியே இருக்கின்றன.

இவை தீப்பிடிக்காதவை என்றால், தீயின் அருகே வைத்தால் என்ன?

தீப்பிடிக்காது என்பதும் தீயில் சிதையாது என்பதும் ஒன்றல்ல. சுடரிலோ சிவக்கக் காய்ந்த உலோகத்திலோ பட்டால் குளோரின் உள்ளவை ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃபுளூரைடு, சிறிதளவு பாஸ்ஜீன் ஆகியவற்றைத் தரும். வாயு கசிந்துள்ள அறையில் பிரேசிங் செய்வதோ புகைபிடிப்பதோ கூடாது என்று தொழிலாளர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

கசிவைக் கண்டுபிடிக்க முன்பு ஹாலைடு டார்ச் என்ற சிறு விளக்கைப் பயன்படுத்தினார்கள். சந்தேகமான இடத்துக் காற்றைக் குழாய் வழியே இழுத்து, காய்ந்த செம்புத் தகட்டின் மேல் சுடராக எரியவிடுவார்கள். குளோரின் இருந்தால் எளிதில் ஆவியாகும் செம்புக் குளோரைடு உருவாகிச் சுடர் பச்சையாகும்; பெய்ல்ஸ்டைன் சோதனை என்று ஆய்வகத்தில் செய்வதும் இதே தத்துவம். குளோரின் இல்லாத ஆர்-134ஏ வந்தபோது இந்த விளக்கு பயனற்றுப் போனது, ஏனெனில் செம்பு ஃபுளூரைடு அப்படி ஆவியாவதில்லை.

இவ்வாயுக்கள் நச்சற்றவை என்ற பெயரும் நிபந்தனைக்கு உட்பட்டதே. மூடிய அறையில் அவை காற்றை விலக்கி மூச்சடைக்கச் செய்யும். அதிக அளவில் சுவாசித்தால் அட்ரினலினுக்கு இதயம் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டி, துடிப்பு தடம்புரளக்கூடும். திரவமாகத் தோலில் பட்டால் உறைபுண் வரும்.

ஓசோன் படலத்தை இவை எப்படி அழிக்கின்றன? காற்றைவிட நான்கு மடங்கு கனமான வாயு எப்படி அவ்வளவு உயரம் ஏறுகிறது?

கனம் இங்கே தடையில்லை. சுமார் நூறு கிலோமீட்டர் உயரம் வரை வளிமண்டலம் கொந்தளித்துக் கலந்துகொண்டே இருப்பதால், வாயுக்கள் எடைப்படி அடுக்காகப் பிரிவதில்லை. மேலே போய்ச் சேரும் அளவுக்கு ஒரு மூலக்கூறு கீழே பிழைத்திருக்கிறதா என்பதே கேள்வி. சி.எஃப்.சி.க்கள் பிழைத்திருக்கின்றன. மழையில் கரைவதில்லை, வளிமண்டலத்தின் துப்புரவாளரான ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணைசேராத எலக்ட்ரான் கொண்ட OH துண்டு) பிடித்து இழுக்க அவற்றில் ஹைட்ரஜன் இல்லை, கீழே வந்து சேரும் சூரிய ஒளி அவற்றின் பிணைப்பை அறுக்கப் போதாது. 1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் கப்பலில் சென்று, தொழிற்சாலைகளே இல்லாத தென்கடல்களின் காற்றிலும் ஆர்-11 இருப்பதை அளந்தார்.

1974-இல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அடுத்த படியைச் சொன்னார்கள். ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் அடுக்கு மண்டலத்தில், ஓசோனின் பெரும்பகுதியைத் தாண்டி மேலே சென்றதும், 190 முதல் 225 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் சி.எஃப்.சி. மூலக்கூறின் மேல் விழுகிறது. அறுபடுவது மிக வலுக்குறைந்த பிணைப்பு, அதாவது கார்பன்–குளோரின். விடுபட்ட குளோரின் அணு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடு ஆகிறது. அந்த மோனாக்சைடு தனியே திரியும் ஆக்சிஜன் அணுவைச் சந்தித்தால் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாகி, குளோரின் மீண்டும் விடுதலை பெறுகிறது. தான் செலவாகாமலே குளோரின் இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப நடத்துகிறது. வேறு மூலக்கூறுகளில் சிக்கிச் செயலிழப்பதற்குள் ஒரே அணு ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க முடியும் என்பது வழக்கமாகத் தரப்படும் மதிப்பீடு.

அந்தச் சிக்கல்தான் இக்கதையின் நுட்பமான பகுதி. குளோரினின் பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் முடங்கிக் கிடக்கிறது. அப்படியானால் இழப்பு மெதுவாகவே இருக்க வேண்டும். ஆனால் 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவர் அண்டார்க்டிகாவின் ஹேலி நிலையத்து அளவீடுகளை வெளியிட்டபோது, அங்கே வசந்த காலத்தில் ஓசோன் யாரும் எதிர்பாராத அளவு குறைந்திருந்தது. விடை முகில்களில் இருந்தது. துருவ இருளில் வெப்பநிலை கழித்தல் 78 டிகிரிக்கும் கீழே போகும்போது நைட்ரிக் அமிலமும் நீரும் உறைந்து மெல்லிய முகில்கள் தோன்றுகின்றன. அவற்றின் துகள் மேற்பரப்பில், முடங்கிக் கிடந்த அந்த இரண்டு சேர்மங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து குளோரின் மூலக்கூறை விடுவிக்கின்றன. நைட்ரிக் அமிலம் முகிலிலேயே தங்கிவிடுவதால் குளோரினை மறுபடி முடக்க ஆளில்லை. செப்டம்பரில் சூரியன் திரும்பியதும் அந்த மூலக்கூறுகள் ஒளியில் உடைய, அழிவு சில வாரங்களில் உச்சத்தை எட்டுகிறது. மோலினாவுக்கும் ரோலண்டுக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளின் பங்கை முன்னரே காட்டிய பால் குருட்சனுக்கும் 1995-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஃபுளூரின் அணுவும் விடுபடுமே, அது ஏன் ஓசோனை அழிப்பதில்லை?

அது ஓசோனோடு வினைபுரியக்கூடியதே. ஆனால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மீத்தேனையோ நீராவியையோ சந்தித்த கணத்திலேயே அது ஹைட்ரஜன் ஃபுளூரைடாகிவிடும். குளோரினும் ஹைட்ரஜன் குளோரைடாகிறதே என்றால், வேறுபாடு பிணைப்பு ஆற்றலில் இருக்கிறது: ஹைட்ரஜன்–குளோரின் 431 கிலோஜூல், நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுமார் 497, ஹைட்ரஜன்–ஃபுளூரின் ஏறத்தாழ 570. ஹைட்ராக்சில் உறுப்பு ஹைட்ரஜன் குளோரைடிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்து நீராகலாம், அதில் ஆற்றல் லாபம் உண்டு. ஹைட்ரஜன் ஃபுளூரைடிடம் அது செல்லாது. எனவே குளோரின் மறுபடி வெளியே வருகிறது, ஃபுளூரின் வருவதில்லை.

ஆர்-22 எந்த அளவுக்குத் தீங்கற்றது? அதற்குப் பின் வந்தவை?

ஆர்-22-இல் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் ஹைட்ராக்சில் உறுப்பு அதைக் கீழ் வளிமண்டலத்திலேயே பிடித்துவிடுகிறது. ஆர்-12-இன் ஆயுள் ஏறத்தாழ நூறு ஆண்டு என்றால், இதன் ஆயுள் சுமார் பன்னிரண்டு ஆண்டு. பெரும்பகுதி மேலே போய்ச் சேர்வதற்குள் கார்பனைல் ஃபுளூரைடாகி, பிறகு மழைநீரில் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமாகவும் முடிகிறது. ஓசோனைச் சிதைக்கும் திறன் ஆர்-11-ஐ 1 என்று வைத்தால் இதற்கு 0.055. சிறிது என்றாலும் பூஜ்யம் அல்ல.

1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா 2008-இல் சி.எஃப்.சி. உற்பத்தியை, ஆஸ்துமா இன்ஹேலருக்கான சிறு விலக்கு தவிர, நிறுத்தியது. அடுத்து வந்த ஆர்-134ஏ போன்ற எச்.எஃப்.சி.க்களில் குளோரின் இல்லை, ஓசோனுக்கு ஆபத்தில்லை, ஆனால் அவை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிப்பவை. அவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் உடன்படிக்கை திருத்தப்பட்டது. இப்போது கார் ஏசிகளுக்கு வந்திருக்கும் 1234ஒய்எஃப் மூலக்கூறில் வேண்டுமென்றே ஓர் இரட்டைப் பிணைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஹைட்ராக்சில் உறுப்பு அதைத் தாக்குவதால் சில நாட்களிலேயே சிதைந்துவிடுகிறது. அதற்கும் ஒரு விலை இருக்கிறது: மூன்று ஃபுளூரின் கொண்ட முனை உடையாமல் டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலமாகி மழையோடு இறங்குகிறது, இயற்கையில் அது எளிதில் சிதைவதில்லை. வீட்டுக் குளிர்பெட்டிகளில் இப்போது பரவலாக உள்ள ஐசோபியூட்டேன் ஹாலஜனே இல்லாதது. அதில் தீப்பற்றும் ஆபத்து மட்டும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் தீயைத் தவிர்க்கத்தான் ஹாலஜனைத் தேடிப் போனோம் என்பதை நினைத்தால் இந்தத் திருப்பம் சற்று வேடிக்கையானது.

பழைய பெட்டிகளில் இருக்கும் வாயுவை எப்படி அழிப்பது?

திறந்து காற்றில் விடுவது தவறு. முறையாக உருளையில் மீட்டெடுத்து, 1,100 டிகிரிக்கும் மேலான உலையிலோ பிளாஸ்மா வளைவிலோ எரித்து, வெளிவரும் அமில வாயுக்களைக் காரக் கரைசலில் உறிஞ்ச வேண்டும். ஆய்வக அளவில் ஓர் அழகான மாற்று வழி 1996-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ 270 டிகிரியில் சூடான சோடியம் ஆக்சலேட் தூளின் வழியே ஆர்-12 வாயுவைச் செலுத்தினால் சோடியம் ஃபுளூரைடு, சோடியம் குளோரைடு, கரி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவை மட்டுமே கிடைக்கின்றன. இங்கே ஆக்சலேட் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து, இவ்வளவு நேரம் அசையாமல் நின்ற கார்பன்–ஃபுளூரின் பிணைப்பையும் அறுத்துவிடுகிறது. சோடியம் ஃபுளூரைடின் படிகம் உருவாகும்போது கிடைக்கும் ஆற்றல் அதற்கு ஈடுகட்டுகிறது.